மச்சான் வீட்டுக்குப் போன டிவி

“ஹலோ... மச்சான்? நான்தான்... ஆமா, ஆமா, அத்தான்தான். மெதுவாத்தான் பேசுவேன், படிக்கட்டுல நிக்கிறேன்... உள்ள உங்க அக்கா இருக்கா, அதான்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே சுருக்கென்றது. மனைவிக்குக் காது மந்தமாகி நாலு வருஷம் ஆயிற்று. பக்கத்தில் நின்று பேசினாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. இருந்தும் அச்சகத்தில் முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர், பாலைக் குடித்த பூனை மாதிரி கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்திருந்தார்.

“ஒண்ணுமில்ல, சும்மாதான்... இல்ல, சும்மா இல்ல. போன ஞாயித்துக்கிழமை உன் தலையில கட்டி விட்டேனே, அந்த டிவி... நீ சிரிக்காத. குடுத்த பொருளத் திருப்பிக் கேக்குறவன் மனுஷனே இல்ல, ஒத்துக்கிறேன்... டிவிக்குப் பதிலா வாங்குன ப்ரொஜெக்டரா? அதுக்கு ஒரு கேடும் இல்ல. சுவரு பூராப் படம், நாலு மூலையிலயும் ஸ்பீக்கர். ஒரு வாரம் வச்சுப் பாருங்க, பிடிக்கலன்னா எடுத்துக்கிறேன்னு கடைக்காரர் சொன்னார்ல? நாளையோட வாரம் முடியுது...”

“இல்ல, பழுது எதுவும் இல்ல... சொல்றேன், இரு. நேத்து சாயங்காலம் ஜன்னலை எல்லாம் மூடி, லைட்ட அணைச்சு, எல்லாரும் உக்காந்து படம் பாத்தோம். நடுவுல பெரிய பொண்ணு எதையோ தேடணும்னு பட்டுனு லைட்டப் போட்டுட்டா. எனக்கு வந்துச்சே கோவம், ‘அணைடீ!’ன்னு கத்திட்டுத் திரும்புறேன்... உங்க அக்கா படத்தப் பாக்கலடா.”

அவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

“எங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. அந்தக் காது மெஷினக் கழட்டி உள்ளங்கையில வச்சுக்கிட்டு. ஸ்பீக்கர் சத்தத்துல அது வெறும் இரைச்சல்தானே... எழுத்தா? எழுத்து கீழ ஓடத்தான் செய்யுது, படம் புரியாம இல்ல. நாங்க பேசுறதுதான்... ஆமா, ஆமா, அதேதான். வாயசைவப் பாத்துத்தானே அவ நம்மகூடப் பேசுறா? இருட்டுல எந்த வாயப் பாப்பா? புள்ளைங்க ஏதோ சொல்லிச் சிரிக்குதுங்க, இவளும் சிரிக்கிறா. எதுக்குன்னு தெரியாமலே.”

“தெரியாமப் பண்ணலடா நான்... என்னது? இல்ல, அப்படி ஆறுதல் சொல்லாத. அதத்தான் சொல்ல வர்றேன். எனக்குத் தெரியும்.”

குரல் இறங்கிப்போயிற்று.

“டிவி இருந்தப்ப பத்து நிமிஷத்துக்கு ஒருக்க, ‘என்ன சொன்னீங்க? ஏன் சிரிக்கிறீங்க?’ன்னு கேப்பா. திரும்பி, அவ மூஞ்சிக்கு நேரா நிறுத்தி நிதானமாச் சொல்லணும். அலுத்துப் போயிருந்துச்சு எனக்கு. இந்த வாரம் அவ ஒரு வார்த்தை கேக்கல. அப்பாடா, நிம்மதியாப் படம் பாக்க விட்டாளேன்னு... ஆமாடா. நிம்மதியா இருந்துச்சு. இத யார்கிட்டயும் சொல்லல.”

மறுமுனையில் மச்சான் வெகுநேரம் பேசினான்.

“ம்... ம்... என்ன, இன்னும் மாட்டவே இல்லையா? சுத்துன போர்வையோட அப்படியே வச்சிருக்கியா? ஏன்?... அக்காவா? உங்க அக்காவா சொன்னா?... ‘ஒரு வாரம் பொறு. அவரா வந்து கேட்டாக் குடு, கேக்கலன்னா மாட்டிக்கோ’ன்னா?... நீயாச் சொல்லக் கூடாதுன்னு சத்தியமா? அடப்பாவி... இன்னைக்கு ஆறாவது நாளுடா. நான் போன் பண்ணாமலே இருந்திருந்தா?”

கதவு திறந்தது. ஈரக் கையைத் துடைத்தபடி மனைவி நின்றாள். யார் என்று புருவத்தால் கேட்டாள்.

“இரு மச்சான், வச்சிடாத... அவ வந்துட்டா.”

போனைக் காதிலிருந்து எடுத்தார். வெயில் தன் முகத்தில் விழும்படி ஒரு படி கீழே இறங்கி நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “உன் தம்பிதான். டிவியத் திருப்பிக் கேட்டேன். இருட்டுல உன்னால எங்ககூடப் பேச முடியல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தேன்.”

அவள் அவர் உதடுகளைக் கடைசி வரை படித்தாள். பிறகும் கண்ணை எடுக்கவில்லை. பரவாயில்லை என்று அவள் சொல்லிவிடுவாள் என்று அவர் காத்திருந்தார். அவளோ கையை நீட்டிப் போனை வாங்கி, வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, நாளைக்குக் காலையில டிவியக் கொண்டாந்து நீயே மாட்டிக் குடுத்துட்டுப் போ. ஏன், எதுக்குன்னு பேசாத, எனக்குக் கேக்காது.”

இணைப்பைத் துண்டித்துப் போனை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.