இரைச்சல் நீக்கிய வீடு

...எல்லாம் இந்தச் சாப்ட்வேரு பண்ணுன வேல ராஜசிங் சார், நான் ஒண்ணும் பண்ணல! உக்காருங்க, அந்தக் கட்டு மேலயே உக்காருங்க. காலண்டர் வெட்டுத் தாளுதான். செவுத்துலயும் அதத்தான் ஒட்டி வச்சிருக்கேன், எதிரொலி வராம இருக்க. பகலெல்லாம் கம்பெனியில வெடியப் பெட்டியில அடுக்குற பால்பாண்டிக்கு வீட்டுல ஸ்டூடியோவாம்னு நாரணாபுரமே சிரிக்குது. சிரிக்கட்டும்!

என்ன கேட்டீக? உங்க சர்ச்சு கிறிஸ்மஸ் பாட்ட மாரிசெல்வி பாடணுமா? நல்லாக் கேட்டீக போங்க! எம் பொண்டாட்டி எங்கிட்டப் பேசியே பதினோரு நாளாச்சு. இதுல பாட்டு வேறயா!

கோயில் பொங்கலுக்கு மொளப்பாரிப் பாட்டு ஒண்ணு அவளே கட்டுனா சார். பொம்பளைக கும்மி கொட்ட. இந்த ரூமுக்குள்ள நின்னு ஒரே மூச்சுல பாடுனா. அத அப்படியே விட்டுருக்கலாம்... விடுவனா? நம்மதான் யூட்டியூப்ல படிச்ச இஞ்சினியராச்சே! மொதல்ல சுதிய நேராக்குற எபெக்ட். அவ சுதி கோணவே இல்ல, அது வேற விசயம். பெறகு எக்கோ. கம்ப்யூட்டர்ல இருக்க எக்கோ பத்தலன்னு, இந்தா இருக்கு பாருங்க எக்கோப் பெட்டி, மதுரையில இருந்து தூக்கிட்டு வந்தேன். மேல எட்டுத் திருகு. எது எதுக்குன்னு இன்னைக்கு வர எனக்குத் தெரியாது. தெரியாட்டி என்ன, எட்டையும் முழுசாத் திருகிட்டேன்!

கோயில்ல கொளாய் ஸ்பீக்கர்ல போட்டாக. அம்புட்டுத்தான். கும்மி கொட்ட வந்த பொம்பளைக கையத் தூக்கினபடி நிக்காக. வார்த்த வெளங்குனாத்தான சார் கொட்ட முடியும்? "என்னடி, கெணத்துக்குள்ள உக்காந்து பாடுனியா"ன்னு ராக்காயி அக்கா கேட்டுச்சு பாருங்க... மாரிசெல்வி தலையில மொளப்பாரியோட நிக்கா. கீழயும் வைக்க முடியாது, ஓடவும் முடியாது.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு என்னயத்தான் சொல்லுதாக. ஒரிஜினலா? அத அன்னைக்கே அழிச்சுட்டேன் சார், எடம் பத்தலன்னு... பாக்காதீக அப்படி!

எக்கோவ எடுத்துட்டாலும் தேறாது. அடியிலயே கெட்டுப்போச்சு. எரைச்சல் எடுக்குறதுன்னு ஒண்ணு இருக்கு சார். 'எது எரைச்சல், கொஞ்சம் தொட்டுக் காட்டு, பாட்டு முழுக்க அதத் தேடித் தொடச்சிருதேன்'னு கேக்கும். பாட்டுக்கு முந்தி ஒரு பத்து செகண்டு சும்மாக் கெடந்துச்சு. ஃபேன் சத்தம் மட்டுந்தான்னு அதத் தொட்டுக் காமிச்சேன். சொன்னதச் செஞ்சிருச்சு, பாவம். பாட்டு முழுக்க அவ கொரலு நைஞ்சு போச்சு. அத மறைக்கத்தான் சார் இம்புட்டு எக்கோ.

கோயில்ல இருந்து வந்து என்ன நடந்துச்சுன்னு கேட்டா. சொன்னேன். "பாட்டுக்கு முந்தி நான் சுதி புடிச்சு முனங்கிக்கிட்டுல்ல நின்னேன்... அதுவா ஒங்களுக்கு எரைச்சல்?"னா. அதான் அவ கடைசியாப் பேசுனது.

பதினாலு வருசமா அடுப்படியில, கொல்லையில, எங்கன நின்னாலும் முனங்கிக்கிட்டேதான் சார் இருப்பா. மத்தியானம் கம்பெனியில போடுற டெஸ்ட் வெடி நமக்கெல்லாம் காதுலயா விழுது? அப்படி எனக்கு இதுவும் விழாமப் போச்சு. சாப்ட்வேருக்குக் கேட்டுருக்கு... எனக்குக் கேக்கல. இப்ப அது இல்லாம வீட்டுக்குள்ள இருக்க முடியல சார்.

இந்தா, அடுப்படியிலதான் இருக்கா. காதக் குடுத்துக் கேளுங்க. ஏதாச்சும் கேக்குதா?

எங்க சார், செருப்ப மாட்டுதீக? அட இருங்க! இந்த வீட்டுல இப்ப ஒரு பொட்டு எரைச்சல் கெடையாது. ரெக்கார்டிங் பண்ணுனா எம்புட்டுச் சுத்தமா வரும் தெரியுமா... சார்?