டாக்டர் அஜீசுன்னிசா நிரப்பாமல் விட்ட கட்டம்

தலைவர் அவர்களே, மேடையிலுள்ள மருத்துவர்களே, மறைந்த டாக்டர் அம்மையாரின் தம்பி மீரான் அவர்களே, கடலூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் சிதம்பரம் வந்து கூடியிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! வணக்கம்.

எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. எழுதி வந்ததைப் படிக்கிறேன். பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், பெயர் பழனிவேல். டாக்டர் அஜீசுன்னிசா அம்மையாரின் குழந்தை ஆஸ்துமா கிளினிக்கில் ஏழு ஆண்டுகள், சனிக்கிழமைதோறும், குடும்ப நோய் வரலாற்று அட்டை எழுதினேன்.

மருந்து கொடுப்பவர்கள் பலர். ஆனால் இந்த ஆஸ்துமா இழுப்பு ஒரு குடும்பத்தில் எப்படி இறங்கி வருகிறது என்று தாத்தா பாட்டி வரை கேட்டு எழுதியவர் இந்த வட்டாரத்தில் வேறு யார்?

முதல் நூற்றுப்பன்னிரண்டு அட்டைகள் வீண். தவறு என்னுடையது. மாமியார், மருமகள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இழுப்பு உண்டா?" என்று கேட்டேன். எல்லோரும் இல்லை என்றார்கள். உண்டு என்றால் அந்த வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள், யார் எடுப்பார்கள்? அது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்! ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒருநாள் கம்மாபுரத்து அம்மாள் ஒருவர், மருமகளைக் காட்டி, "எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் கெடையாதும்மா. எல்லாம் இவ கொண்டாந்த சீரு" என்றார். மருமகள் தலை நிமிரவில்லை.

அம்மையார் சிரித்தார். "சரிங்க பெரியம்மா, இழுப்ப வுடுங்க. காலையில எழுந்ததும் தும்முறது யாரு?"

"அதுவா? எம் மவன் முப்பது தும்மல் போடுவான். அவுங்கப்பா அதுக்கு மேல. பக்கத்து வூடே எழுந்துக்கும்!"

"முழங்கால் மடிப்புல கரப்பான், அரிப்பு?"

"எனக்கே சின்ன வயசுல இருந்துச்சே!"

அம்மையார் என் பக்கம் திரும்பி, "எழுதிக்குங்க சார்" என்றார். பிறகு அந்த அம்மாளிடம், "தும்மல், கரப்பான், இழுப்பு மூணும் ஒரே வேருதான் பெரியம்மா. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வரும். பழி போட கேக்கல. அடுத்த புள்ளைய முன்னாடியே பாத்துக்கத்தான் கேக்குறேன்" என்றார்.

தும்மலை யாரும் மறைப்பதில்லை. அன்றிலிருந்து அட்டைகள் உண்மை பேசின.

என் பேத்திக்கும் இழுப்பு. மருமகள் அமிர்தம் காடாம்புலியூர்ப் பெண். "முந்திரித் தோப்புலேர்ந்து மூட்ட கட்டிக் கொண்டாந்துட்டா" என்று என் வீட்டிலேயே ஆறு ஆண்டுகளாகப் பேச்சு. நான் வாய் திறக்கவில்லை. பேத்தியின் அட்டையை அம்மையாரே எழுதினார். "உங்க பக்கம் எப்படி சார்?" என்றார். இல்லை என்றேன். சற்று நேரம் என்னைப் பார்த்தார். அடுத்த கட்டத்துக்குப் போனார்.

அவர் மறைந்த பின், சென்ற வாரம், அட்டைகளை அடுக்கும்போது பேத்தியின் அட்டையைப் பார்த்தேன். தந்தைவழித் தாத்தா என்ற என் கட்டத்தில் 'இல்லை' என்று அவர் எழுதவில்லை. காலியாக விட்டிருக்கிறார். ஓரத்தில் பென்சிலால், 'சார் சொல்வார்' என்று மட்டும் இருக்கிறது.

கிளினிக் தொடரும் என்று மீரான் அவர்கள் சொல்லியிருக்கிறார். வீணான அட்டைகளில் நாற்பத்தொன்று இன்னும் திருத்தப்படவில்லை. உடம்பு இடம் கொடுக்கும்வரை வீடு வீடாகப் போய்க் கேட்பேன். அதற்குத் தகுதி வேண்டுமானால் முதலில் என் அட்டை சரியாக வேண்டும்.

அமிர்தம் நான்காவது வரிசையில் இருக்கிறாள். அம்மா, உன் பக்கம் எப்படியோ, எனக்குத் தெரியாது. என் பக்கம் நிச்சயமாக உண்டு. உன் மாமியாருக்கும் இதை நான் சொன்னதில்லை. அட்டை என் கையில் இருக்கிறது. இங்கேயே மையால் எழுதுகிறேன்.

தந்தைவழித் தாத்தா: பன்னிரண்டு வயது வரை இழுப்பு. உண்டு.