தாதர் டிராமில் ராத்திரி மாத்திரை

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கோட்டைப் பகுதிக் கம்பெனியொன்றில் தலைமைக் கணக்கர்; பி.ஏ. பட்டதாரி, மாட்டுங்காவில் என் சொல்லுக்கு மதிப்பிருந்தது. பிறர் பேச்சுக்குக் காது கொடுப்பது என் வழக்கமன்று. ஆயினும் ஒரு காலை, தாதர் டிராமின் முன்னிருக்கையிலிருந்து வந்த பேச்சு, அந்த டிராம்களே மறைந்த பின்னும் அவற்றின் மணியோசையோடு என் நினைவில் நிற்கிறது.

“ஏட்டி, ராத்திரி மாத்திரையையும் இப்பவே முழுங்கிட்டேன். வேல முடிஞ்சு வந்தா மறந்துருமுல்லா.”

சொன்னவர் தாராவித் தொழிலாளி. இடுப்புப் பிடிப்புக்காக, தசையைத் தளர்த்தும் மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தாராம். அவர் தலை மனைவியின் தோளில் சரிந்துகொண்டிருந்தது.

“ரெண்டையும் சேத்தா? தூக்கம் வரும், மிஷின் கிட்ட போவாதன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாருல்லா?”

“இடுப்பு இப்ப பஞ்சு கணக்கா இருக்கு.”

“கண்ணும்தான் சொருகுது. தகரம் வெட்டுற மிஷினுக்கும் மாத்திர குடுத்துருக்கியளா, தூங்குததுக்கு? விரலு போச்சுன்னா என்ன செய்வோம்?”

“போவலன்னா சேட்டு கத்துவாரு.”

“கத்தட்டும். டாக்டர்ட்ட போயி, ரெண்டு போட்டத சொல்லுவோம். எறங்குங்க.”

பரேலில் அவரைத் தாங்கிப் பிடித்தபடி அந்த அம்மாள் இறங்கினார். மதுவிலக்குக் காலம் அது. பின்னிருக்கையில் ஒருவர், “காலங்காத்தால தண்ணி,” என்றார், பலர் சிரித்தனர்.

உடன் வந்த மாட்டுங்கா நண்பர்கள் அந்தக் குடிகாரர் கதையைப் பல ஆண்டுகள் சொல்லி வந்தார்கள். அவர் குடித்திருக்கவில்லை.