அண்ணே, இது ஷூட்டிங்கா?

இரவு ஒன்பது மணி ஆனால் எனக்குக் கண்ணைச் சொருகிவிடும், ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மதுரைக்காரர்கள் அழகுபாண்டியின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார்கள் என்று எங்கள் சேனலில் விளம்பரமே வரும். அந்த நேரத்தில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். என் நிகழ்ச்சியை ஒரு தடவைகூட டிவியில் முழுசாகப் பார்த்ததில்லை. ராத்திரி பூராவும் கண்விழித்துத் திட்டம் போடுகிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்கு முதலிலேயே தெரியட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

'சாமச் சிரிப்பு' நிகழ்ச்சியை நாங்கள் எடுப்பது பட்டப்பகலில். வாடிப்பட்டி சாலையில் ஓட்டமில்லாமல் போன கல்யாண மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் பந்திக் கூடம்தான் எங்கள் அரங்கம். பின்னால் கறுப்புத் துணி, அதில் சீரியல் பல்பு, நடுவில் கோபுரம் வரைந்த தட்டி. நான் கோட்டுப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்காருவேன். பக்கத்துச் சோபாவில் விருந்தாளி. முதலில் கொஞ்சம் அரட்டை, அப்புறம் சின்னதாக ஒரு நாடகம், மறுபடியும் அரட்டை. பார்வையாளர்களை உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் கூட்டி வருவோம். மதியம் தக்காளி சாதம் உண்டு. உச்சி வெயிலில் வந்திறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "குட் நைட் மதுரை" என்று கத்துவதில் அவர்களுக்கு ஒரு நாளும் கூச்சம் இருந்ததில்லை.

சிரிப்புக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. என் மச்சினன் விருமாண்டி கேமராவுக்குப் பக்கத்தில் துண்டோடு நிற்பான். துண்டைத் தூக்கினால் சிரிக்க வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, எல்லா நிகழ்ச்சியிலும் இந்த மாதிரி ஏதாவது ஒன்று இருக்கும். எங்கள் நாடகங்களில் நடிக்கும் முத்திருளன் பேசும்போது மட்டும் விருமாண்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நிற்பான். ஒரு நாள் கேட்டேன். "அவருக்கு எதுக்கு மச்சான் துண்டு? தன்னால சிரிக்கிறாய்ங்கள்ல" என்றான். வெகுளியான பையன். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

முத்திருளனைக் கண்டுபிடித்தவன் நான். உசிலம்பட்டி மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவதை அவன் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். சுற்றி நின்ற தரகர்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அங்கேயே அவன் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டேன். எங்கள் நாடகங்களில் அவன் வேலை பெரும்பாலும் கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது. பெண்டாட்டி நகை கேட்டால் சாய்வான், கரண்ட் பில் வந்தால் சாய்வான், மகன் பாஸாகிவிட்டான் என்றாலும் சாய்வான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் அதே மாதிரி விழுந்து விளையாடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஸ்டேஷன் ஏட்டு ஒருவர் நேற்று எனக்கே செய்து காட்டினார். நன்றாகத்தான் செய்தார்.

அந்தப் போஸ்டர் விஷயத்தையும் கேட்டீர்கள். இந்த ஊரில் காதுகுத்துக்கும் போஸ்டர், ஜெயிலிலிருந்து வெளியே வந்தாலும் போஸ்டர். பேப்பரில் வந்தால் ஒரு சந்தேகம் இருக்கும், சுவரில் ஒட்டியிருந்தால் இருக்காது. அதை வைத்து ஒரு நாடகம் எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. முத்திருளன் படத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் ரோஜாப்பூ வைத்து, 'கண்ணீர் அஞ்சலி' என்று உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு பூராவும் ஒட்டினோம். முத்திருளனிடம் சொல்லவில்லை. சொன்னால் சம்மதித்திருக்க மாட்டான். அன்றைக்கு அவன் மண்டபத்தில்தான் இருந்தான். ஷூட்டிங் நேரத்தில் எல்லார் போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுவது எங்கள் வழக்கம். அதனால் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

மத்தியானத்துக்குள் வேன் பிடித்துச் சனம் வந்துவிட்டது. அவன் பெண்டாட்டி முனீஸ்வரி தலைவிரி கோலமாக இறங்கினாள். அவன் ஆத்தா ஒச்சாயி வாசலிலேயே மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டது. முத்திருளன் கையில் டீ கிளாஸோடு வெளியே வந்து, "என்னாத்தா, யாரு செத்தா?" என்றான். அதைவிட நல்ல வசனத்தை நான் எழுதியிருக்க முடியாது. வட்டச் செயலாளர் ஒருவர் ஆளுயர மாலையோடும் போட்டோகிராபரோடும் வந்திருந்தார். கொண்டுவந்த மாலையைத் திருப்பி எடுத்துப் போனால் விளங்காது என்று சொல்லி, உயிரோடு இருந்தவன் கழுத்திலேயே போட்டு, படமும் எடுத்துக்கொண்டு, "ஆக வேண்டியதப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதையும் அப்படியே ஒளிபரப்பினோம். ஊரே சிரித்தது.

முனீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து நின்று, "ஒங்க வீட்ல யாருக்காவது இப்புடி ஒட்டிப் பாத்தீகளாண்ணே?" என்று கேட்டாள். படித்திருந்தால் இந்தக் கலையைப் புரிந்துகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். முத்திருளன்தான் அவளைச் சமாதானப்படுத்திக் கூட்டிப் போனான். மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டான். நல்ல மனசுக்காரன், அவனைப் பற்றி நான் வேறு மாதிரி சொல்லவே மாட்டேன்.

உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வழக்கெல்லாம் போடவில்லை, அவரும் எங்கள் ரசிகர். "பாக்குற சனத்துக்கு எது நெசம், எது ஷூட்டிங்னு தெரியணும்ல அழகுபாண்டி. ஒரு போன் நம்பரப் போடுங்க. சந்தேகம்னா கேட்டுக்கிரட்டும்" என்றார். நியாயமான யோசனை. அன்றிலிருந்து நிகழ்ச்சி ஓடும்போது அடியில் ஒரு நம்பரும் ஓடியது. அந்தப் போனை நானே வைத்துக்கொண்டேன். பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

இந்த ஊர் என்னை எவ்வளவு நம்பியது என்பது அப்புறம்தான் எனக்கே தெரிந்தது. டாஸ்மாக் வாசலில் ஒருவன் புரண்டுகொண்டிருந்தால், "அண்ணே, இது ஷூட்டிங்கா?" புருஷன் பெண்டாட்டி பஸ் ஸ்டாப்பில் செருப்பைக் கழற்றினால், "அண்ணே, இது ஷூட்டிங்கா?" ஏற்கெனவே திறந்துவிட்ட பாலத்தை அரசியல்வாதி ஒருவர் இரண்டாவது தடவை திறந்து வைத்தபோதுகூட ஒரு பெரியவர் கூப்பிட்டுக் கேட்டார். நான் ஒருவரிடமும் பொய் சொன்னதில்லை. நாங்கள் எடுத்தால் ஆமாம் என்பேன், இல்லையென்றால் இல்லை என்பேன். நான் இல்லை என்று சொன்ன பிறகுதான் ஆட்கள் ஓடிப்போய்த் தூக்கினார்கள், சண்டையை விலக்கிவிட்டார்கள். ஒரு வகையில் உங்கள் இலாகா செய்ய வேண்டிய வேலையை நான் செய்துகொண்டிருந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முத்திருளனுக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய சேனல், அவன் பெயரிலேயே தனி நிகழ்ச்சி. வெற்றிலை பாக்கும் பழமும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தான். "நீங்க போட்ட பிச்சைண்ணே இது. ஒங்க வாயால நல்லாருன்னு சொன்னாத்தான் போவேன்" என்று காலில் விழுந்தான். நல்லா இருடா என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

எங்கள் சேனல் முதலாளி சிராஜ் பாய்தான் கொஞ்சம் கலங்கிப் போனார். "அவன் போயிட்டான்னா சிரிப்புக்கு ஆளு இல்லண்ணே. அந்த நேரத்த ராசிக்கல் விக்கிற ஜோசியருக்குக் குடுத்துரலாம்னு பாக்குறேன்" என்றார். மேசைக்குப் பின்னால் நான் ஒருவன் உட்கார்ந்திருப்பதை அவர் மறந்துபோய்ப் பேசினார். வியாபாரிகளுக்கு அப்படி மறதி வரும். நான் சிரித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் ஊரைத் தூங்க வைத்தவன் நான். என் நாற்காலியில் ஒருவன் பச்சைக்கல் மோதிரத்தோடு உட்காருவது மதுரை மக்களுக்கு நல்லதல்ல என்று மட்டும் தோன்றியது.

இப்போது தெப்பக்குளத்துக்கு வருகிறேன்.

போன மாதம், சாயங்கால நேரம். நான் வீட்டில் மீசைக்கு மை அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் போன் அடித்தது. வண்டியூர் தெப்பக்குளத்துக்கு எதிரே பழரசக் கடை வைத்திருக்கும் அப்துல் அலீம் பாய். எங்கள் நிகழ்ச்சிக்கு ஒரு தடவை விருந்தாளியாகவும் வந்திருக்கிறார்.

"அழகு அண்ணே, நம்ம முத்திருளன் தம்பி கடை வாசல்ல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்து கெடக்காரு. சனமெல்லாம் நின்னு கைதட்டுது. எனக்கு என்னமோ மனசுக்குச் சரியாப் படல. வேர்த்து ஊத்துது. ஆட்டோவக் கூப்புடவா, இல்ல இது ஷூட்டிங்காண்ணே?"

"ஷூட்டிங்தான் பாய்."

"கேமராவையே காணமே?"

"தெரியக் கூடாதுன்னுதானே பாய் மறைச்சு வைக்கிறோம்."

"ஒரு வாய் தண்ணி குடுக்கலாமா?"

"வேண்டாம் பாய். நடிப்பு கலைஞ்சு போகும். கூட்டத்த மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

"சரிண்ணே. மாஷா அல்லாஹ், எம்புட்டுத் தத்ரூபமா நடிக்காரு" என்று போனை வைத்தார்.

அவர் மேல் வழக்கு எதுவும் போட்டுவிடாதீர்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார், சொன்னபடி செய்தார். அன்றிலிருந்து கடையைத் திறக்கவில்லையாம். தேவையில்லாமல் மனதைப் போட்டு வருத்திக்கொள்கிறார். நல்ல மனிதர்களிடம் இது ஒரு தொல்லை.

நடைப்பயிற்சிக்கு வந்த நர்ஸம்மா ஒருவர்தான் யாரையும் கேட்காமல் குனிந்து கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வதுதான்.

மறுநாள் உசிலம்பட்டியில் அவன் சொந்தக்காரர்கள் போஸ்டர் ஒட்டினார்கள். நின்று படித்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறது சனம். என் போன் ஓயவே இல்லை. இது ஷூட்டிங் இல்லை, உண்மைதான் என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னேன். "போங்கண்ணே, மறுபடியுமா?" என்றார்கள். இன்னொரு தடவை ஏமாற வேண்டாம் என்று வட்டச் செயலாளர்கூட வரவில்லை. ஒச்சாயி மட்டும் வாசலில் உட்கார்ந்து, மகன் டீ கிளாஸோடு வெளியே வருவான் என்று உள்பக்கம் பார்த்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னார்கள். அழவே இல்லையாம். தூக்கும்போதுகூட, "இருங்கடா, வருவான்" என்றதாம்.

அஞ்சலி நிகழ்ச்சியை நான்தான் நடத்தினேன். நிஜமாகவே அழுதேன், கிளிசரின் தொடவில்லை. அவன் விழுகிற காட்சிகளை வரிசையாகப் போட்டபோது கூட்டம் பழக்கத்தில் சிரித்துவிட்டது. விருமாண்டி அன்றைக்கு வேலைக்கே வரவில்லை. சிராஜ் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜோசியருக்கு வேறு நேரம் பார்க்கலாம் என்றார். இதையெல்லாம் எதிர்பார்த்துச் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் அது நியாயமாக இருக்காது.

இதுவரை எழுதிக்கொண்டதை வைத்துப் பார்த்தால், நான் ஒரு நாடகக்காரன், ஒரு தவறான பதிலைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். முத்திருளன் புது நிகழ்ச்சிக்காகத் தனியாக ஏதோ செய்து பார்க்கிறான் என்று நினைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் நம்பியிருப்பீர்கள். ஆனால் முனீஸ்வரி புகாரோடு அவன் போனையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அலீம் பாய் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் முத்திருளனே என்னைக் கூப்பிட்டிருந்தான் என்பது அதில் இருக்கிறது. என்ன பேசினான் என்பது அதில் இருக்காது. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

"அண்ணே, நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுதுண்ணே. தெப்பக்குளத்துல நிக்கிறேன். காரு எடுத்துட்டு வாங்கண்ணே" என்றான். நாடகத்தில் என்றால் அந்த வரியை ராகம் போட்டு இழுத்திருப்பான். அன்றைக்கு ஓர் இழுவையும் இல்லை, அதனால் உண்மை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "வாரேன்டா மாப்ள. அங்கனயே இரு. வேற யாரையும் கூப்புட்டுப் பதற வைக்காத" என்றேன். அப்போது மீசையில் ஒரு பக்கம்தான் மை அடித்திருந்தேன். இன்னொரு பக்கத்தையும் அடித்து முடித்தேன். அது காய்கிற நேரத்தில்தான் பாய் கூப்பிட்டார்.

ஆட்டோ பிடிக்கவா என்று பாய் முதலில் அவனிடமே கேட்டதற்கு, "வேண்டாம் பாய், அண்ணன் வாராரு" என்று முத்திருளன் தடுத்திருக்கிறான். குனிந்த ஒவ்வொருவரிடமும் அதையேதான் சொன்னானாம். அதனால்தான் கூட்டம் கலையவில்லை. நான் எந்தப் பக்கமிருந்து வருவேன் என்று எல்லாரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, அவனைச் சுற்றி இடம் விட்டு, எனக்காகக் காத்திருந்தார்களாம். துண்டைத் தூக்க ஆளில்லாமல் என் ஒருவனுக்காக அவ்வளவு கூட்டம் நின்றது அன்றைக்குத்தான், ஐயா. போகாமல் விட்டுவிட்டோமே என்று அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.