தக்காளிக்குத் தண்ணி ஊத்துத லெச்சணம்

"விரல விட்டுப் பாக்காளாம், விரல! தொட்டி மண்ணுல விரலக் குத்தி, ஈரம் இருக்கா இல்லையான்னு பாத்துட்டுத்தான் தண்ணி ஊத்துவாளாம். ஏன்மா, தக்காளிச் செடி என்ன காய்ச்சல்ல கெடக்க புள்ளையா, தொட்டுத் தொட்டுப் பாக்கதுக்கு? நீ உள்ள வா, வா. செருப்பு கெடக்கட்டும், அங்கனயே கெடக்கட்டும். எதுத்த வீட்டு வைஷாலியத்தான் சொல்லுதேன். 'காக்கு, ஜாஸ்த் பாணி நக்கோ'ங்கா எங்கிட்ட. தண்ணி ரொம்ப ஊத்தாதியன்னு எனக்குப் பாடம் எடுக்கா! எனக்கு!"

கனகவல்லி பேசிக்கொண்டே பால்கனிக்கு நடந்தாள். ஒரு கையில் பக்கெட், ஒரு கையில் மக்கு. பின்னால் வந்தது ஸ்ரீலக்ஷ்மி. கீழ் வீட்டுக்குப் போன மாதம்தான் குடி வந்தவள், சேலத்துப் பெண். புருஷன் நகரின் மறுகோடியில் ஹடப்சருக்கு வேலைக்குப் போய்விட, இவள் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். கதவு திறந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வைஷாலியின் விரல் கதை குறுக்கே வந்துவிட்டது.

"இந்தா, இந்த முக்காலில உக்காரு. எங்கூர் பேச்சு உனக்குப் புரியுதுல்லா? புரியும், புரியும். தமிழ்தான... இங்க பாரு, மொத்தம் ஒம்பது தொட்டி. அத்தனையும் நான் விதை போட்டு முளைக்க வச்சது. நர்சரில ஒரு கோட்டிக்காரன் இருக்கான், அவங்கிட்ட வாங்குனா நாத்து வாங்குதப்பவே தல தொங்கும். கேட்டா 'வாதாவரண் ஆன்ட்டி, வாதாவரண்'ங்கான். வெயிலாம்! இந்த லோஹேகாவ் வெயில் என்ன எங்க தென்காசி வெயிலா? இதுக்கே தொங்குனா அது செடியா, சவமா?"

ஒரு மக்கு தண்ணீர் முதல் தொட்டியில் விழுந்தது. இரண்டாவது மக்கு. மூன்றாவது. மண் விழுங்க மாட்டாமல் மேலே ததும்பி, விளிம்பு வழியாக வழிந்தது. தொட்டிக்கு அடியில் கணுக்கால் நனையும் அளவுக்கு ஏற்கெனவே தண்ணீர் நின்றது. ஸ்ரீலக்ஷ்மி காலைத் தூக்கி முக்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டாள்.

"காலத் தூக்காத, குளுகுளுன்னு இருக்கும். தண்ணி தங்கணும்மா. தங்குனாத்தான் வேருக்குக் குளிர்ச்சி. இந்த யூடியூப்ல ஒருத்தன் பாட்டில்ல ஓட்ட போட்டுக் கவுத்து வைக்கான், சொட்டுச் சொட்டா எறங்குமாம். செடிக்கு என்ன ஆஸ்பத்திரில குளுக்கோஸா ஏத்துதான்? எங்க வீட்டுல இவுக அதப் பாத்துட்டு எனக்குச் சொல்ல வந்தாவ. ஏர்ஃபோர்ஸ்ல பைல் பாத்த மனுஷனுக்குத் தக்காளியப் பத்தி என்ன தெரியும்? 'பேசாம அந்தப் பாட்டுக் கேக்க ஒயரக் காதுல மாட்டிக்கிட்டு உக்காருங்க'ன்னேன். அன்னைக்கி மாட்டுனவுகதான்..."

உள்ளே கூடத்தில் அவர் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

ஸ்ரீலக்ஷ்மியின் பார்வை செடிகள் மேல் போயிற்று. அடி இலையெல்லாம் மஞ்சள். தொங்கிய சில காய்களின் தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கனகவல்லி அந்தப் பார்வையைப் பிடித்துவிட்டாள்.

"மஞ்சளாத்தான் இருக்கும், அது வயசான எல. வெடிச்சது காய் பெருத்ததுல வெடிச்சது. அந்த வைஷாலி வீட்டுக் காயப் பாத்திருப்பியே, கொத்துக் கொத்தா, ஒண்ணுபோல, கடையில வச்ச பொம்ம கணக்கா! அதெல்லாம் அதிர்ஷ்டம்மா. வேலத்தனம் கெடையாது. சலூன்காரன் தலையில அடிக்கான் பாரு, அந்த மாதிரி ஒரு பாட்டில வச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சிட்டுப் போயிருதா. அதுக்கே காய்க்குதுன்னா அந்தச் செடிக்குச் சூடு சொரண இல்லன்னு அர்த்தம். நீயே சொல்லு."

ஸ்ரீலக்ஷ்மி சொல்லத்தான் பார்த்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து விமானத் தளத்திலிருந்து ஒரு போர் விமானம் கிளம்பி, கூரையைச் சீவிக்கொண்டு போவதுபோல் போயிற்று. லோஹேகாவில் அந்தச் சத்தத்துக்கு மட்டும்தான் கனகவல்லி வாயை மூடுவாள். மூடினாள். சந்தர்ப்பத்தை விடக் கூடாதென்று ஸ்ரீலக்ஷ்மி கையை மேலே காட்டி, கீழே காட்டி, படபடவென்று எதையோ சொன்னாள். ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. ஆனால் கனகவல்லிக்குக் காது வேண்டியிருக்கவில்லை. உதடு போதும். 'சீலிங்' என்று சொல்லும்போது உதடு எப்படிப் போகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கீழ் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் இதே முகத்தோடு மேலே வந்தவர்கள்தான். கதவைத் திறந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் வாசலிலேயே வைஷாலி பேச்சை இழுத்தாள்.

சத்தம் ஓய்ந்தது. கனகவல்லி முந்திக்கொண்டாள்.

"என்னமோ சொன்ன, காதுல விழல. இருக்கட்டும். இந்த சொசைட்டில எவன் ஒழுங்கு? செக்ரட்டரி ஒருத்தன் இருக்கானே, மூதி, 'ஆன்ட்டி உங்க பால்கனித் தண்ணி கீழ போகுது'ன்னு வந்து நிக்கான். தண்ணி கீழ போகாம மேலயா போகும்? உனக்கு முந்தி இருந்த ஒரு மராட்டிக்காரப் பொம்பளை, அதுக்கும் முந்தி பேங்க் மேனேஜர் ஒருத்தர், எல்லாவளும் எல்லாவனும் வாரது, சீலிங்கு, செவுரு, பூசணம்ங்கது. பில்டிங் கட்டுனவன் சிமெண்டுக்குப் பதிலா மாவக் கொழச்சுப் பூசியிருந்தா நான் என்ன செய்ய? ஒருத்தரும் நெலைக்கல. காலி பண்ணிட்டுப் போயிருதாவ. பொறுமை கெடையாது... ஆனா நீ அந்த மாதிரி இல்ல. மொகத்தப் பாத்தாலே தெரியுது."

அவள் குரல் கொஞ்சம் இறங்கிற்று. மக்கு மட்டும் நிற்கவில்லை.

"நீ வந்தன்னைக்கி லிஃப்ட்ல ஃபோன்ல பேசிட்டிருந்த பாரு, 'அம்மா, சாப்டியா'ன்னு. எனக்கு என்னமோ பண்ணிட்டுது. இந்த பில்டிங்ல எல்லார்ட்டயும் ஹிந்திலயும் மராட்டிலயும் பேசிப் பேசி நாக்கு மரத்துப் போச்சு. என் மகன் இருக்கான், இதே ஊர்ல, பாணேர்ல. ஞாயித்துக்கெழம வந்தா அவன் புள்ள 'பாட்டி, வாட் இஸ் திஸ்'ங்கு. செடியக் காட்டி! அது கூட நான் என்னத்தப் பேச? சரி, அத விடு... தண்ணி எங்க போகுதுன்னுல்லா பேச்சு? இந்தா, இந்த மூலையில ஒரு ஓட்ட இருந்துது, தண்ணி போகதுக்கு. அது வழியா கரப்பான் ஏறி வந்துது. போட்ட உரம் பூரா அதுல கரைஞ்சு போச்சு. நானே வெள்ளச் சிமெண்ட வாங்கி, கொழச்சு, அப்பி அடச்சேன். கொத்தன் கித்தன் ஒருத்தனயும் கூப்பிடல. இவுக 'அடைக்காத, அடைக்காத'ன்னாவ. நான் கேக்கலியே! இப்ப பாரு, ஒரு சொட்டு வெளிய போகுதா? போகாது. அப்படியே நிக்கும். என் கைவேல."

சொல்லிவிட்டுப் பெருமையோடு திரும்பினாள். முக்காலி காலியாக இருந்தது.

எப்போது எழுந்து போனாளோ தெரியவில்லை. வாசலில் செருப்பும் இல்லை. "என்னமா, சொல்லாமக் கொள்ளாம..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

கீழே, பால்கனியையும் சேர்த்து அறையாக்கியிருந்த வீட்டில், அவள் காலுக்கு நேர் கீழே, கட்டிலைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. கர்ரென்று கொஞ்ச தூரம். நின்றது. மறுபடி கர்ரென்று.

அந்தச் சத்தம் கனகவல்லிக்குப் புதிதல்ல. முதலில் சொட்டும் இடத்திலிருந்து கட்டிலை நகர்த்துவார்கள். அப்புறம் ஒரு நாள் சாமான் ஏற்றக் கீழே டெம்போ வந்து நிற்கும்.

அவள் நின்ற தண்ணீரைப் பார்த்தாள். பிறகு மூலையில் தன் விரல் அடையாளத்தோடு இறுகிக் கிடந்த சிமெண்டைப் பார்த்தாள். யாரைத் திட்டலாம் என்று மனது ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பில்டிங் கட்டினவன், செக்ரட்டரி, வைஷாலி, நர்சரிக்காரன். ஒருவரும் அந்த மூலைக்குப் பொருந்தி வரவில்லை.

"ஏங்க! அந்தச் சுத்தியல எங்கன வச்சிருக்கிய?"

அவர் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்து பார்த்தபோது, கனகவல்லி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் வலியையும் பார்க்காமல் தண்ணீருக்குள் மண்டியிட்டிருந்தாள். சுத்தியலை அவளே தேடி எடுத்துவிட்டாள். சமையலறைக் கத்தியை உளியாக வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு திட்டு. "எவ... அடச்சா... இந்த எழவ... இந்த அழகுக்கு... அடச்சா!"

அவர் உள்ளே போனார். இன்னொரு கத்தியை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைசியில் ஒரு சில்லு பெயர்ந்தது. தண்ணீர் மூலையைப் பார்த்துச் சுழன்று ஓடி, களகளவென்று குழாய்க்குள் இறங்கியது. தரை தெரிந்தது. தரையின் விரிசல்களும் தெரிந்தன, வலை போட்டதுபோல.

"நாளைக்கி ஆளக் கூப்பிட்டு இத ஒட்டச் சொல்லணும்" என்றார் அவர் மெதுவாக.

"நாளைக்கி என்ன நாளைக்கி, இன்னைக்கே கூப்பிடுங்க. தொட்டியெல்லாம் மொட்டை மாடிக்குப் போகட்டும்" என்று எரிந்து விழுந்துவிட்டு எழுந்தாள். ஈரச் சேலையோடு, கையில் சிமெண்ட் தூசியோடு மாடிப்படி இறங்கினாள். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

கீழ் வீட்டுக் கதவைத் திறந்த ஸ்ரீலக்ஷ்மியின் முகம் சிவந்திருந்தது. வேறெங்காவது போய் வேலை பார்க்கக் கிளம்புகிறவள்போல் தோளில் லேப்டாப் பையை மாட்டியிருந்தாள். உள்ளே கூடத்தின் நடுவில் கட்டில் கோணலாகக் கிடந்தது. கனகவல்லியைப் பார்த்ததும் அடுத்த பேச்சுக்குத் தயாராவதுபோல் மூச்சை இழுத்துவிட்டாள்.

கனகவல்லிக்கு நாக்கு நுனியில் நூறு இருந்தது. கட்டில் கனமா, தனியாவா இழுத்த, உன் வீட்டுக்காரன் வந்த பிறகு இழுக்கக் கூடாதா, இடுப்புப் பிடிச்சா யாரு பாப்பா... அத்தனையையும் விழுங்கினாள்.

"எங்கனம்மா ஒழுகுது?" என்றாள். "நீ சொல்லு."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஸ்ரீலக்ஷ்மி அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு, பேச ஆரம்பித்தாள்.