இடது பக்க ஸ்பீக்கர்

குளிர்காலத்தில் கார் ஸ்பீக்கர் கொஞ்சம் சோம்பேறியாகிவிடும். உள்ளே அதிரும் கூம்பைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் விறைத்துப்போவதுதான் காரணம். அசைய வேண்டியது அசையாது. பாடுகிறவர் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும். ஹீட்டரைப் போட்டுக் கொஞ்சம் பொறுத்தால் தானாகச் சரியாகிவிடும். எதையும் கழற்ற வேண்டியதில்லை.

ஒரு பழுதை எப்படித் தேடினோம் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னீர்கள், சார். மாலை வகுப்பில் மற்றவர்கள் எழுதியதைவிட என்னுடையது கொஞ்சம் நீளும்.

நான் வேலை பார்ப்பது கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் பட்டறையில். அங்கே என்னைச் சேர்த்துவிட்டவர் என் அத்தான், அக்காவின் கணவர். பட்டறையில் அவருக்குக் 'காது' என்று பெயர். மாட்டி முடித்த ஒவ்வொரு காரிலும் அவர் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு பாட்டுக் கேட்டுத் தலையாட்டிய பிறகுதான் வண்டி வெளியே போகும். ஒரு தடவைக்கு மேல் கேட்கமாட்டார். நான் அவருக்கு நேர்மாறு. இறுக்கிய திருகை மறுபடி இறுக்கிப் பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வருவேன்.

ஒரு நாள் நான் மாட்டிய வண்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் பட்டறையின் அந்தக் கோடியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். காருக்குள் ஏறக்கூட இல்லை.

"மாப்ளே, வலது கதவுல ஒரு ஸ்க்ரூ லூஸு."

"நல்லா டைட் பண்ணிட்டேன் அத்தான். ரெண்டு தடவை."

"அப்ப லூஸு வேற எங்கயோ இருக்கு," என்று தன் தலையைத் தட்டிக் காட்டினார்.

பட்டறையே சிரித்தது. வண்டிக்காரரும் சிரித்தார். கதவைக் கழற்றிப் பார்த்தேன். திருகு தளர்ந்துதான் இருந்தது. அவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அந்த வருடம் குளிர் தொடங்கும்போது அத்தான் தன் காருக்குப் புதிதாகப் பெரிய ஸ்பீக்கர்கள் வாங்கினார். "என் மச்சான் மாட்டினாத்தான் எனக்குத் திருப்தி," என்று முதலாளியிடம் சொன்னாராம். இதையும் எழுதிவிடுகிறேன், எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கில்லை.

காலையில் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போவோம். நான் மாட்டிக் கொடுத்த மறுநாள், கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டு அத்தான் உட்கார்ந்தார். பாட்டைப் போட்டார். புருவம் சுருங்கியது.

"சத்தம் அமுங்கிக் கிடக்கே. உனக்கு எப்படி இருக்கு?"

'குளிர் அத்தான்' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது," என்றேன்.

"குளிருக்கு விறைச்சிருக்குமோ?"

"அதெல்லாம் பழைய மாடலுக்கு. இந்த ரப்பர் விறைக்காதுன்னு எங்க சார் சொல்லியிருக்காரு."

நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. உங்களை இதில் இழுத்ததற்கு மன்னிக்க வேண்டும்.

வீட்டுக்கும் பட்டறைக்கும் தூரம் குறைவு. கார் சூடேறுவதற்குள் இறங்கிவிடுவோம். மாலையில் அது மறுபடி சில்லிட்டுக் கிடக்கும். ஆனால் என்றாவது வெளியூர் கிளம்பினால் குட்டு உடைந்துவிடும். அதனால் டிக்கிக்குள் இருந்த ஆம்ப்ளிஃபையரில் இடது பக்கச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை மட்டும் ஒரு மயிரிழை குறைத்து வைத்தேன். சில நாள் கழித்து இன்னொரு மயிரிழை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள்.

"இடது பக்கம்தான் வீக்கா இருக்கு. ரெண்டையும் இடம் மாத்தி மாட்டிப் பாரு," என்றார் அத்தான்.

சரியான வழிதான். இடம் மாற்றியும் குறை அதே பக்கம் நின்றால் ஸ்பீக்கர்மேல் குற்றமில்லை. மாற்றினேன். உண்மையாகவே மாற்றினேன். வயரையும் புதிதாக இழுத்தேன். குமிழைத்தான் தொடவில்லை.

"இப்ப?"

"இப்பவும் இடதுதான்டா."

"ஸ்பீக்கர் மாத்தியாச்சு, வயர் மாத்தியாச்சு. ஆம்ப்ளிஃபையரையும் மீட்டர் வச்சுப் பாத்தாச்சு," என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் இடது காதை விரலால் அடைத்தார், எடுத்தார், மறுபடி அடைத்தார்.

அன்று அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தானுக்குக் காது மந்தமாகிட்டு வருதுக்கா. தெரிஞ்சா மனசு விட்டுடுவாரு. கேட்டார்னா நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு," என்றேன். அக்கா அழுதாள். அதன்பின் அவர் கேட்டபோதெல்லாம் பின்சீட்டிலிருந்து, "நல்லாத்தாங்க இருக்கு, உங்களுக்கு எதுலதான் குறையில்ல," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அவ்வளவு நன்றாக நடிக்க வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பட்டறையில் அத்தான் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்துக் கேட்க ஆரம்பித்தார். போகச் சொன்ன வண்டியைக் கைதட்டி நிறுத்தித் திரும்பக் கூப்பிட்டார். சந்தேகம் புகுந்த காதுக்கு எல்லாமே கொஞ்சம் கம்மலாகத்தான் கேட்கும். "என்னண்ணே, காது இன்னிக்கு லீவா?" என்று மெக்கானிக் ஒருவன் கேட்டான். அவர் சிரிக்கவில்லை. டாக்டரிடம் போய்வந்தார்.

"வயசுக்கேத்த காதுதானாம்," என்றார்.

டாக்டர் அதை நல்ல செய்தியாகத்தான் சொல்லியிருப்பார். வயதுக்கு மிஞ்சிய காதை வைத்துப் பிழைத்தவருக்கு அது வேறு மாதிரி விழுந்தது. குளிர் முடிவதற்குள் தானே முதலாளியிடம் போய் ஒதுங்கிக்கொண்டார். இப்போது சீட் கவர் தைக்கும் பக்கம் இருக்கிறார். வண்டிகளை நான் கேட்கிறேன்.

வெயில் வந்தது. சோதனை முடிந்தால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பீர்களே, அதனால் குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பினேன். மறுநாள் காலை பாதி வழியில் அத்தான் காரை ஓரமாக நிறுத்தினார். முகமே மாறியிருந்தது.

"மாப்ளே, இடது பக்கம் கேக்குதுடா. சுத்தமா கேக்குது."

கண் கலங்கியிருந்தது. நான் சும்மா இருந்திருந்தால்கூடப் போதும்.

"இடது பக்க வயரை நேத்தே கழட்டிட்டேன் அத்தான்," என்றேன். "உங்களுக்கு எதுக்கு வீண் தொந்தரவுன்னு."

கை எட்டும் தூரத்தில்தான் அந்த ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. தொட்டிருந்தால் அதிர்வு தெரிந்திருக்கும். தொடப் போனார். பாதியில் கையை இழுத்துக்கொண்டு பாட்டை நிறுத்தினார். அதற்குப் பிறகு அந்தக் காரில் பாட்டுப் போடுவதில்லை. அக்கா கூப்பிட்டால்கூட, நிஜமாகவே கூப்பிட்டாளா என்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். எனக்கோ திருகைத் திரும்பத் திரும்ப இறுக்கிப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிற்று.

பழுது எங்கே இருந்தது என்று கடைசி வரியில் எழுதச் சொன்னீர்கள். ஸ்பீக்கரில் இல்லை. வயரில் இல்லை. ஆம்ப்ளிஃபையரில் இல்லை. அத்தானின் காதிலும் இல்லை. அது எனக்கு முதல் நாளே தெரியும். அந்தக் காருக்குள் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டேன், சார். எதிலும் பழுதில்லை.