வாழைப்பழச் சத்தியம்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகிற பஸ். எனக்கு முன்சீட்டில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் பெண்சாதியிடம் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்.

“என் தலமேல சத்தியமா நான் வாழப்பழம் திங்கல.”

“அப்புறம் எப்பிடி ரத்தத்துல பொட்டாசியம் ஏறுச்சி? இப்பிடியே போனா நெஞ்சு நின்னுடும்னு டாக்டர் சொன்னாரே, காதுல வுழுந்துச்சா? டயாலிசிஸ் வேணாம், மாத்திரையும் பத்தியமுமா இருந்துக்கறேன்னு சொன்னது நீதான?”

“இருந்துகினுதான இருக்கேன். எளநிகூட தொடல.”

“பொய் சொல்லாத. வெளிய எங்கனா தின்னுட்டுதான் வூட்டுக்கு வர.”

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியது. பிறகு அவர்தான் கேட்டார்.

“காய வேவவெச்சி தண்ணிய வடிச்சிடணும்னு நர்சம்மா சொல்லிச்சே. வடிச்சியா?”

“ஒரு நா வுட்டதில்ல. கீரையக்கூட வடிச்சிட்டுதான் போட்டேன்.”

“வடிச்ச தண்ணிய இன்னா பண்ண?”

“இன்னா பண்ணுவாங்க? சத்தெல்லாம் அதுலதான இருக்குது. ரசம் வெச்சேன்.”

அவர் பெண்சாதி பக்கம் திரும்பினார்.

“அந்தச் சத்துதான் எனக்கு ஆவாதுன்னு வடிக்கச் சொன்னாங்க.”

இவ்வளவு நேரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்ப, இருவரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள்.

“அழாத,” என்றார் அவர். “தெனமும் ரசத்த ரெண்டாந்தரம் ஊத்தச் சொன்னது நான்தான.”